மொட்டைக் கம்பம்

கொடியைக் கழற்றிக்கொண்டு போனவர்கள் கம்பத்தை மட்டும் ஏன் விட்டுவிட்டுப் போனார்கள்? கொடியக்கா இந்தக் கேள்வியை ஊரில் ஒருவர் விடாமல் கேட்டாள். தேநீர்க் கடையில் கேட்டாள், குளத்து வேலையில் மண்கூடை கைமாற்றும்போது கேட்டாள், ஒருநாள் வழியில் நிறுத்தி என்னிடமும் கேட்டாள். எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. இப்போது தெரிந்த அளவில் அவள் கதையைச் சொல்கிறேன்.

ஊருக்கு மேற்கே, மலையடிவாரத்தில், ராணுவத்தின் சுடுகளம் இருக்கிறது. ஒரு காலத்தில் அது ஊராருடைய மேய்ச்சல் நிலம். நாட்டுக்கு வேண்டும் என்று எடுத்துக்கொண்டபோது, நிலத்தை இழந்த குடும்பங்களில் சிலருக்கு அங்கேயே சின்னச் சின்ன வேலை கொடுத்தார்கள். அப்படித்தான் மேட்டின்மேல் இருக்கும் இரும்புக் கம்பத்தில் கொடி ஏற்றும் வேலை அவள் புகுந்த வீட்டுக்கு வந்தது. முதலில் மாமனார் ஏற்றினார். அவருக்கு முழங்கால் மடங்காமல் போனதும் கயிறு மருமகள் கைக்கு வந்தது. அன்றிலிருந்து அவள் ஊருக்கே கொடியக்கா. அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

பீரங்கிப் பயிற்சி நடக்கும் நாளில் கொடி ஏறும். மற்ற நாட்களில் கம்பம் மொட்டையாக நிற்கும். மொட்டை என்றால் ஆடுமாடுகளை உள்ளே ஓட்டலாம், விறகு பொறுக்கலாம், ஓடையில் துணி துவைக்கலாம். ராணுவமும் அதைக் கண்டும் காணாமல் விட்டிருந்தது. செங்கொடி என்று பெயர்தான்; வெயில் தின்று தின்று பழைய சாக்கு நிறத்துக்கு வந்துவிட்டது. புதுசு கேட்டால் "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்பார்கள். யாரும் நிறம் பார்க்கவில்லை. கம்பத்தில் துணி ஆடுகிறதா இல்லையா என்றுதான் பார்த்தார்கள்.

இதில் எங்கேயும் எழுதப்படாத வழக்கம் ஒன்று இருந்தது. கொடி ஏறியவுடனே சுட மாட்டார்கள். உள்ளே சிதறிக் கிடக்கும் ஆடுகளைச் சேர்த்து ஓட்டிக்கொண்டு வர நேரம் வேண்டாமா? அதனால் கொடியக்கா முன்கூட்டியே ஏற்றிவிடுவாள். கடைசி ஆள் வெளியே வந்ததும், வாசல் காவலில் இருக்கும் பட்டாளத்தாருக்குக் கையைக் காட்டுவாள். அவர் சுடுகிறவர்களுக்குத் தொலைபேசியில் சொல்வார். பிறகுதான் முதல் குண்டு. சோற்று உலை கொதிக்கிற நேரத்தை ஊர் அந்த இடைவெளிக்குக் கணக்காக வைத்திருந்தது: "ஒரு உலை நேரம்." கொடியைப் பார்த்து யாரும் ஓட மாட்டார்கள். நிதானமாக ஆட்டைச் சேர்த்து, விறகைக் கட்டி, மீதிச் சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு வருவார்கள்.

அப்படி நிதானமாக வருகிறவர்களில் கடைசி ஆள் எப்போதும் கொடியக்காவின் கணவர்தான். ஊர் அவருக்கு வைத்த பெயர் சத்தம். காது கேட்காததால் கத்தித்தான் பேசுவார்; அந்த வீட்டு ரகசியம் எல்லாம் தெருவுக்கே தெரியும். சின்ன வயதில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது ஓட்டத்தில் முதலாவதாக வந்தவர் அவர். மருத்துவச் சோதனையில் காது மந்தம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறந்ததிலிருந்து பீரங்கிச் சத்தத்துக்குள் வளர்ந்த காது வேறு எப்படி இருக்கும்? வர வர இருந்த கொஞ்சமும் போய்விட்டது. குண்டு விழுந்தால் அவருக்குக் காலில் ஓர் அதிர்வு தெரியும். ஆனால் மலைக்கு அந்தப் பக்கம் கல்குவாரியில் வெடி வைத்தாலும் அதே அதிர்வுதான். அதனால் அவர் காலை நம்பவில்லை. கம்பத்தை நம்பினார்.

"என் பொண்டாட்டி ஏத்துற கொடிதானே எனக்குக் காது!" என்று தேநீர்க் கடையில் கத்துவார்.

"மெதுவாச் சொல்லுப்பா, அக்கா காதுல விழுந்தா உன்கிட்டயும் கூலி கேக்கப் போகுது" என்பாள் கடைக்காரி. அவருக்கு அது கேட்காது. மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரிப்பார்.

ஒருநாள் கடைத் தொலைக்காட்சியில் அமைச்சர் ஒருவர் பேசினார். பாதுகாப்புத் துறை நவீனமாகிறதாம். சுடுகளங்களில் இனி கொடியும் கையசைப்பும் கிடையாதாம். பயிற்சி நாளில் சுற்றியுள்ள மக்களின் கைபேசிக்கே எச்சரிக்கை வந்துவிடுமாம். அதற்காகவே ஊரக நலத் திட்டத்தில் வீட்டுக்கொரு கைபேசியாம்.

"குண்டு போடறதுக்கு முன்னாடி மிஸ்டு கால் குடுப்பாங்களாம்டா" என்றார் ஒருவர்.

"நம்ம ஊருல சிக்னல் வேணும்னா பள்ளிக்கூட மாடியில ஒத்தக் கால்ல நிக்கணும். ஆட்டை யாரு மேய்க்கிறது?"

"ஆட்டையும் மாடிக்கு ஏத்து."

கடை முழுக்கச் சிரிப்பு. கொடியக்காவும் சிரித்தாள். அவளுக்குத் தன் வேலையைப் பற்றித்தான் பேச்சு என்பது வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் உறைத்தது.

கைபேசிகள் வந்தன. பந்தல் போட்டு, மேடை போட்டுக் கொடுத்தார்கள். கொடியக்கா வீட்டுக்கு வந்த கைபேசியை மகள் எடுத்துக்கொண்டு போனாள். அவள் நகரத்தில் விடுதியில் தங்கி நர்ஸ் படிப்பு படிக்கிறாள். பாடம் எல்லாம் அதில்தான் வருகிறதாம். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவும் காது கேட்காத அப்பாவும் அதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறார்கள்?

அதற்குப் பிறகு ஒரு ஜீப்பில் ஆட்கள் வந்து கொடியை இறக்கினார்கள். கயிற்றை உருவினார்கள். உச்சியில் இருந்த கப்பியையும் கழற்றினார்கள்.

"கம்பத்தை எடுக்கலையா சார்?" என்று கேட்டாள் கொடியக்கா.

"எங்க ஆர்டர்ல கொடி, கயிறு, கப்பி மட்டும்தாம்மா இருக்கு."

"கம்பம் நின்னா ஜனங்க அதைப் பாக்கும் சார். பாத்தா மொட்டையா இருக்கும். உள்ள போயிடும்."

"போன்ல மெசேஜ் வரும்மா. நாடே மாறிக்கிட்டு இருக்கு, நீங்க இன்னும் கம்பத்தைக் கட்டிக்கிட்டு அழறீங்க."

"மேக்க இருந்து கோடையில கெடை ஆட்டுக்காரங்க ஊர் ஊரா மேச்சுக்கிட்டு வருவாங்க. அவங்ககிட்ட ஏது சார் போனு?"

அந்த ஆள் ஜீப்புக்குத் திரும்பினார். கொடியை மடித்து இருக்கைக்குக் கீழே திணித்தார். மடிப்பிலேயே அது நைந்து கிழிந்தது.

அன்று மாலை கொடியக்கா கணவரை எதிரே உட்கார வைத்தாள். இருவருக்கும் இடையே வீட்டுக்குள் உருவான கைப்பேச்சு ஒன்று உண்டு. முழங்கையை நிமிர்த்தினால் கொடி. அவள் முழங்கையை நிமிர்த்தி, பிறகு இல்லை என்று கையை விரித்தாள்.

"கொடி இனிமே கிடையாதா?" என்று கத்தினார் அவர். முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ சுடுறதையே விட்டுட்டாங்களா! நல்ல காலம் பொறந்துச்சுன்னு சொல்லு!"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். இல்லை, சுடுவார்கள், கொடி இல்லாமலே சுடுவார்கள் என்று கையாலும் வாயாலும் திரும்பத் திரும்பச் சொன்னாள். காதில் கை வைத்துக் கைபேசி போலக் காட்டினாள். "ஏங்க, என்னைக் கேக்காம உள்ள போகாதீங்க. என் மேல சத்தியம் பண்ணுங்க" என்று அவர் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்தாள்.

"சரி, சரி. கொடி ஏறாம எப்படிச் சுடுவாங்க? உனக்கு வேலை போன கவலை. நான் கம்பத்தைப் பாத்துக்கிட்டுதான் போவேன், போதுமா?"

அது போதாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு பல வாரங்கள் சுடவே இல்லை. ஒவ்வொரு நாளும் கம்பம் மொட்டையாக நின்றது, ஒவ்வொரு நாளும் அவர் பத்திரமாகத் திரும்பி வந்தார். அவர் சொன்னதுதான் சரி என்பது போல ஆகிவிட்டது. அவளுக்கு ஊரக வேலைத் திட்டத்தில் குளம் தூர் வாரும் வேலை கிடைத்தது. விடிந்ததும் அவள் குளத்துக்குப் போனாள், அவர் ஆடுகளோடு களத்துக்குப் போனார்.

அன்று வெயில் ஏறி, வேலை ஆட்கள் தண்ணீர் குடிக்க உட்கார்ந்திருந்தார்கள். கரையில் கடைக்காரி தலைவிரி கோலமாக ஓடி வந்தாள்.

"அக்கா! உன் பொண்ணு கடை லேண்ட்லைனுக்குப் போன் பண்ணுச்சு! அதோட போனுக்குச் செய்தி வந்திருக்காம். இன்னைக்குச் சுடுறாங்களாம். அப்பா எங்கேன்னு கேட்டு அழுவுது!"

கொடியக்கா எழுந்து நிற்பதற்குள் முதல் குண்டின் சத்தம் வந்தது. குளத்துக் கரையின் காய்ந்த மண்ணில் மெல்லப் புழுதி கிளம்பியது.

அவள் முதலில் களத்து வாசலுக்கு ஓடினாள். பட்டாளத்தார் அங்கே நின்றிருந்தார்.

"அண்ணே, அவர் உள்ள இருக்காரு! நிறுத்தச் சொல்லுங்க!"

"உள்ளயா? எந்த வழியா போனாரு? இப்ப எனக்கு வண்டி மட்டும்தாம்மா பாக்கச் சொல்லியிருக்காங்க. ஆளைப் பாக்கறதுக்கு மேல மெஷின் பறக்குது. காலையில பறந்துச்சு, யாரும் இல்லைன்னுட்டாங்களே!"

யாரும் இல்லாமல் இல்லை. வெயில் நேரத்தில் அவள் கணவர் சத்தம் ஆடுகளை ஓடைக்குள் இறக்கி, புதர் நிழலில் படுக்க வைத்துத் தானும் படுத்திருப்பார். வானத்திலிருந்து பார்த்தால் புதர்தான் தெரியும்.

"போன் போடுங்கண்ணே!"

அவர் போட்டார். சுடுகிறவர்களுக்கு நேராகப் போகும் பழைய லைனைத் துண்டித்திருந்தார்கள். புது எண் தலைமை அலுவலகத்துக்குப் போனது. ஒரு பெண் குரல் இனிமையாக வணக்கம் சொல்லி, அழைப்பு வரிசையில் இருக்கிறது, காத்திருக்கவும் என்றது. பிறகு இசை. பட்டாளத்தார் ரிசீவரை வெறித்துப் பார்த்தார். அதை அப்படியே தொங்கவிட்டார்.

கொடியக்கா நிற்கவில்லை. ஓடைக்கு ஓடிப் போக முடியாது. அது களத்தின் அந்தக் கோடியில் இருக்கிறது. கால் போய்ச் சேராத இடத்துக்குக் கண் போகும். அவள் மேட்டைப் பார்த்து ஓடினாள்.

கம்பத்தில் கயிறு இல்லை. ஆனால் கப்பிக்கு எண்ணெய் விட ஏறும் இரும்புப் படிகள் இருந்தன. எத்தனையோ முறை ஏறிய படிகள். கையில் துணி எதுவும் இல்லை. அவள் ஒரு நொடி கீழே பார்த்தாள். பட்டாளத்தார், குளத்து ஆட்கள், பாதி ஊர் மேட்டின் அடியில் நின்றது. பிறகு அவள் கட்டியிருந்த சேலையை உருவித் தோளில் போட்டுக்கொண்டு, பாவாடையும் ரவிக்கையுமாக ஏறினாள். உச்சிப் படியில் ஒரு முனையை முடிச்சுப் போட்டாள். குளத்துச் சேறு அப்பிய சேலை முதலில் கனத்துத் தொங்கியது. அப்புறம் காற்று அதை விரித்தது.

இரண்டாவது குண்டு களத்தின் நடுவில் விழுந்து புகை எழுந்தது. அவள் புகையைப் பார்க்கவில்லை. ஓடைக்கு மேலே இருக்கும் ஒற்றைப் பாறையையே பார்த்தாள். ஆட்டை எழுப்பி ஓட்டும் முன் அவர் அதில் ஏறி நின்று கம்பத்தைப் பார்ப்பார். எப்போதும் பார்ப்பார்.

ஏறினார். எறும்பு அளவுக்குத் தெரிந்தார். அந்த எறும்பு கம்பத்தின் பக்கம் திரும்பியது. கைக்கோலைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டியது. 'பார்த்துவிட்டேன்' என்பதற்கு அவர் காட்டும் அடையாளம் அது.

"பாத்துட்டாரு! பாத்துட்டாரு!" என்று கீழே கத்தினாள் அவள். கண்ணீர் வழிந்தது.

பிறகு அவர் பாறையிலிருந்து இறங்கினார். வாசல் பக்கம் ஓடி வரவில்லை. நிதானமாகத் திரும்ப ஓடைக்குள் போனார்.

அவளுக்குப் புரிந்தது. கொடி இப்போதுதான் ஏறியிருக்கிறது. அவர் கணக்கில் இன்னும் ஒரு உலை நேரம் இருக்கிறது. ஆடுகளைச் சேர்க்கப் போகிறார்.

சுட ஆரம்பித்துவிட்டார்கள், எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வா என்று அவள் எப்படிச் சொல்வாள்? அந்தக் கம்பத்துக்குத் தெரிந்தது இரண்டே பேச்சு. துணி இருந்தால் நேரம் இருக்கிறது, வா. துணி இல்லாவிட்டால் பயமில்லை, இரு. சேலையை அசைத்துக் காட்டலாம் என்றால் காற்றே அதை அசைத்துக்கொண்டிருந்தது. இறக்கி இறக்கி ஏற்றலாம் என்றால், இறக்கிய நேரத்தில் அவர் திரும்பிப் பார்த்தால் அங்கேயே தங்கிவிடுவார். முடிச்சு நெகிழ்ந்தது. அவள் அதைப் பல்லால் இழுத்து இறுக்கினாள். கேட்காது என்று தெரிந்தும் கத்தினாள். "ஏங்க, ஓடி வாங்க! ஆடு போனாப் போகட்டும்! ஓடி வாங்க!" தொண்டை கிழிந்தது. கீழே நின்ற சனமும் சேர்ந்து கத்தியது. ஊர் மொத்தமும் ஒரு செவிட்டு மனிதரைப் பார்த்துக் கத்தியது.

ஆடுகள் ஓடையிலிருந்து ஒவ்வொன்றாக மேலே வந்தன. அவர் கடைசியாக வந்தார். ஒரு குட்டி பின்தங்கியது போலிருக்கிறது. திரும்பிப் போய் அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

மூன்றாவது குண்டு அங்கே விழுந்தது.

அதோடு நின்றுவிட்டது. தூரநோக்கியில் பார்த்த இளம் அதிகாரி ஒருவர், கம்பத்தின் உச்சியில் ஒரு பெண் தொங்குவதைக் கண்டு சுடுவதை நிறுத்தச் சொல்லியிருந்தார். அந்தக் கட்டளை போய்ச் சேருவதற்குள் அந்தக் குண்டு கிளம்பிவிட்டது. கொடியக்காவை இறக்கக் கடைக்காரிதான் ஏறினாள். அவளுடைய விரல்களைப் படியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

ராணுவ வண்டியிலேயே அவரைக் கொண்டுவந்தார்கள். அந்த இளம் அதிகாரியே தூக்குப் படுக்கையின் ஒரு முனையைப் பிடித்திருந்தார். அதிகாரியின் சட்டை எல்லாம் ரத்தம். படுக்கையில் கிடந்தவரின் வலது கால் முழங்காலுக்குக் கீழே வெறும் துணிச் சுற்றாக இருந்தது. நினைவு தப்பவில்லை. மனைவியைப் பார்த்ததும் அவர் வழக்கம் போலக் கத்தினார்:

"இப்பதானே ஏத்துனே! நேரம் இருந்துச்சே! ஒரு உலை நேரம் இருந்துச்சே!"

உயிர் பிழைத்துவிட்டார். கால் போயிற்று, மந்தை போயிற்று. விசாரணைக்கு வந்தவர்கள் கனிவாகத்தான் பேசினார்கள். எச்சரிக்கை உரிய நேரத்தில் அனுப்பப்பட்டிருக்கிறது, அந்தக் குடும்பத்தின் கைபேசியில் அது படிக்கப்பட்டும் இருக்கிறது என்று காட்டினார்கள். அதனால் நிவாரணத்துக்கு இடமில்லையாம். படித்தது நகரத்து வகுப்பறையில் உட்கார்ந்திருந்த மகள். அவள் இப்போது கைபேசியை எடுப்பதே இல்லை. விடுதியைக் காலி செய்துவிட்டு வந்து அப்பாவுக்குக் கட்டு மாற்றுகிறாள். கொடியக்கா மேல் ஒரு வழக்கும் இருக்கிறது. பாதுகாப்புப் பகுதியில் அனுமதியில்லாமல் அடையாளம் காட்டினாளாம்.

ஒரு கொடி கொடுங்கள், கூலி வேண்டாம் என்று அலுவலகத்தில் போய்க் கேட்டாள். கொடி முறை முடிந்துவிட்டது என்றார்கள். அப்படியானால் கம்பத்தையாவது பிடுங்குங்கள் என்றாள். அது வேறு பிரிவு என்றார்கள். அவளே ரம்பத்தோடு மேட்டுக்குப் போனாள். அரசாங்கச் சொத்து என்று பட்டாளத்தார் தடுத்தார். தடுக்கும்போது அவர் அழுதார்.

"நீங்க தடுக்கலைன்னா வேற யாராவது தடுப்பாங்கண்ணே, அழாதீங்க" என்று அவள்தான் அவரைத் தேற்றினாள்.

வீட்டில் சத்தம் கட்டிலில் கிடந்து கத்துகிறார். தெரு முழுக்கக் கேட்கிறது. "கொடி ஏறாம எப்படிடீ சுடுவாங்க? நீ நேரத்தோட ஏத்தலையா? சொல்லு!" அவள் முழங்கையை நிமிர்த்துகிறாள், விரிக்கிறாள், மார்பில் அடித்துக்கொள்கிறாள். சேலைக்கு முன்னாலேயே குண்டு வந்துவிட்டது என்பதை அவள் எத்தனை விதமாகக் காட்டியும் அவர் ஒப்புக்கொள்வதில்லை. கம்பம் தன்னை ஏமாற்றும் என்று அவரால் நினைக்க முடியவில்லை. அப்படியானால் ஏமாற்றியது யார் என்று அவர் அவள் முகத்தைப் பார்க்கும்போது, அவள் எழுந்து அடுப்படிக்குள் போய்விடுகிறாள்.

கம்பம் இன்னும் நிற்கிறது. அதை விட்டுவிட்டுப் போனவர்களுக்கு அது வெறும் இரும்பு. அது ஊரோடு தினமும் பேசிக்கொண்டிருந்தது அவர்களுக்குத் தெரியாது, தெரிந்த ஒருத்தி சொன்னபோதும் கேட்கவில்லை. அவள் அன்று கேட்டதற்கு என்னிடம் உள்ள பதில் இவ்வளவுதான்.

கோடை தொடங்கிவிட்டது. கிடை ஆட்டுக்காரர்கள் மேற்கிலிருந்து இறங்கி வரும் காலம். கொடியக்கா விடிந்ததும், அன்று சுடுவார்களா என்று பட்டாளத்தாரிடம் கேட்டுக்கொண்டு, பாதை பிரியும் இடத்தில் போய் நின்று, வருகிறவர்களை மறிக்கிறாள். கணவரை மருத்துவமனைக்குக் கூட்டிப் போகும் நாளில் அங்கே யாரும் இருப்பதில்லை.

ஆகவே இதைப் படிக்கிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்குத் தெரிந்த மேய்ச்சல்காரர், விறகு பொறுக்குகிறவர், வழிப்போக்கர் யாராக இருந்தாலும் இந்தக் கதையை அவர் வரைக்கும் கொண்டு போங்கள். படிக்கத் தெரியாதவருக்கு வாயால் சொல்லுங்கள். காது கேட்காதவருக்குக் கையால் சொல்லுங்கள். மேட்டில் கம்பம் மொட்டையாக நின்றால் உள்ளே போகலாம் என்று அர்த்தம் இல்லை. முதலில் பாதையில் நிற்கும் அந்த அம்மாவைக் கேட்கச் சொல்லுங்கள். அவள் இல்லாவிட்டால் திரும்பிப் போகச் சொல்லுங்கள்.